பழைய படவீழ்த்தியும் புதிய ஓடையும்

மலையிலிருந்து இறங்கும் பொருள்களுக்குப் போடிநாயக்கனூர் நெடுங்காலமாக ஒரு மாற்றுமிடமாக விளங்கி வருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை இவ்வழியே சமவெளியைக் கண்டது. 1902 ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908 இல் அஃது இரண்டடி அகலமுள்ள குறுகிய இருப்புப் பாதையாக மாற்றப்பெற்றது. தேயிலைப் பெட்டிகள் அவ்வண்டியில் டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கே மலை செங்குத்தாக இறங்குவதால் வண்டிக்கு வழியில்லை. ஆகவே பெட்டிகளை இறக்கிக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு அனுப்பினர். கொட்டகுடியில் மீண்டும் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றிப் போடிக்குக் கொணர்ந்தனர். 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அழித்துவிட்டது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பெட்டிக்குள் இருந்த தேயிலை ஓரிடத்திலும் மாறவில்லை. அதனைச் சுமந்த ஊர்தியே மாறியது. ஊர்தி மாறிய ஒவ்வோரிடத்திலும் ஆள் நின்று இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அந்த ஆள் இல்லையெனில், மேலே வண்டி ஆயத்தமாக நிற்கும். கீழே மாடும் ஆயத்தமாக நிற்கும். பெட்டி மட்டும் வந்து சேராது.

நம் வகுப்பறைகளில் இன்று நிகழ்வதும் இதுவே. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, 'புரொஜெக்டர்' எனப் பலரும் வழங்கும் படவீழ்த்தி ஒருபுறம் இருக்கின்றது. அதன் விளக்கு இன்னும் எரிகின்றது. ஆடியும் தெளிவாகவே உள்ளது. மறுபுறம், இணையத்திலிருந்து படத்தையும் ஒலியையும் ஈர்த்துத் தரும் விரலளவுக் கருவி வந்துவிட்டது. படமும் ஒலியும் நீரோடைபோல் இடையறாது வந்துகொண்டிருக்க, அவற்றை முழுவதும் சேமித்து வைக்காமல் வரவரக் காட்டும் முறைக்கு ஓடைமுறை என்று பெயரிடலாம். அக்கருவியைக் கடைத்தெருவில் 'ஸ்டிக்' என்பர். நாமும் அவ்வாறே அழைப்போம். ஆசிரியர் ஸ்டிக்கைக் கொண்டு வருகிறார். படவீழ்த்தியில் அதனைச் செருகும் வாயே இல்லை. உடனே, "இது பழையது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்" என்னும் கோரிக்கை நிர்வாகக் குழுவின் முன் வந்து நிற்கின்றது. கையொப்பமிட வேண்டிய பெரியோர்களுக்கோ, சிக்கல் எங்கே உள்ளது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பில்லை. பல ஆயிரம் ரூபாய் செலவா, சில நூறு ரூபாய் செலவா என்பது இந்த ஓரிடத்தில் முடிவாகின்றது.

போடி மக்களுக்குப் பாதை மாற்றத்தின் விலையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மதுரை – போடி மீட்டர் பாதை 1928 இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் அது மூடப்பட்டது. மீண்டும் போடி நிலையத்திற்குப் பயணிகள் இரயில் வந்தது 2023 ஜூன் மாதத்தில்தான். பாதை முழுவதையும் மாற்றுவது ஒரு வழி. மாற்றுமிடம் ஒன்றை அமைத்துக்கொள்வது மற்றொரு வழி. இரயிலுக்கு முதல்வழியே முறையாகலாம். படவீழ்த்திக்கு இரண்டாம் வழியே பெரும்பாலும் போதும் என்பது நம் துணிபு.

இருவேறு வாய்கள்

பழைய படவீழ்த்தியின் பின்புறத்தைப் பார்த்தால் நீல நிறத்தில், மூன்று வரிசையாகப் பதினைந்து துளைகள் கொண்ட ஒரு வாய் இருக்கும். இஃது வி.ஜி.ஏ. எனப்படும். ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் தன் கணினிகளோடு இதனை அறிமுகப்படுத்தியது. இதன் வழியே செல்வது தொடர்மாற்றக் குறிகை; அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகவே கம்பியில் செல்லும். குழாயில் நீர் கூடியும் குறைந்தும் ஓடுவதுபோல் எனக் கொள்ளலாம். ஒலி இதில் செல்லாது. இதனை மறவாதிருத்தல் நலம்.

ஸ்டிக்கின் முனையில் இருப்பது எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான முனை. இதன் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளிவந்தது. பத்தொன்பது இணைப்பூசிகள் கொண்ட இதன் வழியே செல்வது எண்வடிவக் குறிகை. ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் எண்ணாகக் குறிக்கப்பட்டு, ஒன்று, சுழியம் என்னும் வரிசையாகச் செல்லும். ஒலியும் உடன் செல்லும்.

ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முனையின் வடிவத்தில் மட்டுமன்று. குறிகையின் இயல்பிலேயே உள்ளது. இருபுறமும் முனை பொருந்துமாறு செய்த வெறுங்கம்பி வடம் இங்கே பயன்படாது. எண்ணைப் படித்து மின்னழுத்தமாக மாற்றித் தரும் ஒரு சில்லு நடுவே இருந்தாக வேண்டும். அச்சில்லு அடங்கிய சிறு பெட்டியே மாற்றி. கடைக்காரர் மொழியில் 'கன்வெர்ட்டர்'. டாப் ஸ்டேஷனில் பெட்டியை இறக்கி ஏற்றிய ஆள் இவரே எனலாம்.

இம்மாற்றிக்குத் திசை உண்டு. எச்.டி.எம்.ஐ.யை வாங்கி வி.ஜி.ஏ.யாகத் தருவது ஒருவகை, வி.ஜி.ஏ.யை வாங்கி எச்.டி.எம்.ஐ.யாகத் தருவது மற்றொரு வகை. இரண்டும் உருவில் உடன்பிறந்தவைபோல் இருக்கும். கடைகளில் அருகருகே தொங்கும். பின்னதை எத்துணை முயன்று செருகினாலும் படம் வாராது. நமக்கு வேண்டியது முன்னது. 'ஸ்டிக்கிலிருந்து எடுத்துப் படவீழ்த்திக்குக் கொடுக்க வேண்டும்' என்று வாயால் சொல்லி வாங்குவதே சாலச் சிறந்தது. ஸ்டிக், மாற்றி இரண்டின் முனைகளும் ஒன்றோடொன்று செருகத்தக்கனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்க. இரண்டும் ஆண் முனையாக இருப்பின் நடுவே ஓர் இணைப்பு வேண்டும்.

மாற்றியில் பக்கவாட்டில் இரு சிறு துளைகள் உள்ளனவா என்றும் நோக்க வேண்டும். ஒன்று, காதணிக் கருவி செருகும் 3.5 மி.மீ. ஒலித்துளை. வி.ஜி.ஏ. ஒலியைச் சுமக்காது ஆதலின், ஒலி இங்கேயே பிரிந்து ஒலிபெருக்கிக்குச் செல்ல வேண்டும். மற்றொன்று மின்சாரம் பெறும் துளை. எச்.டி.எம்.ஐ. முனை தருவது மிகச் சிறிதளவு மின்சாரமே. மாற்றியின் சில்லுக்குச் சில வேளை அது போதாது. போதாதபோது படம் வந்து வந்து மறையும். சிலர் இதனைப் படவீழ்த்தியின் கோளாறு என எண்ணிப் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிச் செல்வதுண்டு.

ஸ்டிக்குக்கும் தனி மின்சாரம் வேண்டும். பொதுவாக 5 வோல்ட், 1 ஆம்பியர் அளவு தேவை. படவீழ்த்தியிலேயே ஒரு யு.எஸ்.பி. துளை இருக்கக் கண்டு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் எனத் தோன்றும். ஆனால் பழைய யு.எஸ்.பி. துளைகள் அரை ஆம்பியர் அளவே தருவன. சிலவோ பழுதுபார்ப்பவர் பயன்பாட்டிற்கென அமைந்தவை. மின்சாரம் குறைந்தால் ஸ்டிக் தொடங்கும், அணையும், மீண்டும் தொடங்கும். அதனுடன் வந்த சுவர்ச் செருகியையே பயன்படுத்துக.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை எனும் மூன்று வட்ட முனைகள் வழியே இணைக்கும் மலிவான மாற்றியும் கிடைக்கின்றது. அதன் மஞ்சள் வடம் பழைய தொலைக்காட்சித் தரத்தில்தான் படத்தைச் சுமக்கும். திரைப்படப் பாடல் காட்ட அது போதும். எழுத்தைக் காட்ட அது கூடாது.

கைகுலுக்கல்

கருவிகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது முகமன் கூறிக்கொள்கின்றன என்றால் வியப்பாக இருக்கலாம். படவீழ்த்தி, 'யான் இன்ன அளவு படம் காட்ட வல்லேன்' என்னும் தகவலை வடத்தின் தனிக் கம்பி வழியே அனுப்பும். இத்தகவல் முறை 1994 இல் வரையறுக்கப்பட்டது. ஸ்டிக் அதனைப் படித்துத் தன் படத்தின் அளவைத் தேர்ந்துகொள்ளும். நடுவே மாற்றி இருக்கையில் இந்த முகமன் சரியாகக் கடத்தப்படாமல் போகக்கூடும். அப்போது ஸ்டிக் தன் விருப்பப்படி 1920 × 1080 அளவில் படத்தை அனுப்பும். 1024 × 768 அளவுக்கென அமைந்த பழைய படவீழ்த்தி அதனைச் சுருக்கிக் காட்டலாம். அல்லது 'எல்லைக்கு அப்பாற்பட்டது' என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பைக் காட்டி நின்றுவிடலாம்.

இதற்கு எளிய வழி, ஸ்டிக்கை முதலில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து, அமைப்புப் பகுதியில் படஅளவை 720 என்று குறைத்துவிட்டு, அதன்பின் படவீழ்த்திக்குக் கொணர்வதாகும். பெரும்பாலான ஃபயர் டிவி ஸ்டிக்குகளில், தொலைவியக்கியின் மேல்நோக்குப் பொத்தானையும் பின்னோட்டப் பொத்தானையும் சேர்த்துப் பத்து வினாடி அழுத்தினால், படஅளவுகள் ஒவ்வொன்றாக மாறி வரும். படம் தெரிந்ததும் அதனை ஏற்றுக்கொள்ளலாம்.

முகமனில் மற்றொரு பகுதியும் உண்டு. கட்டணத் திரைப்படங்களைப் படியெடுக்காமல் காக்கும் பொருட்டு எச்.டி.எம்.ஐ.யில் ஒரு பூட்டு முறை அமைந்துள்ளது. வி.ஜி.ஏ.யில் அப்பூட்டு இல்லை. ஆகவே மாற்றி வழியே செல்லும்போது சில செயலிகளில் ஒலி கேட்கும், திரை கருத்திருக்கும். இது கருவியின் குற்றமன்று. யூடியூபில் உள்ள விரிவுரைகளுக்கும், நாமே ஆயத்தம் செய்த பட விளக்கங்களுக்கும் பெரும்பாலும் இத்தடை எழுவதில்லை. கல்லூரிக்கு வேண்டியது அவைதாமே!

மலையடிவாரத்து அலை

ஓடைக்கு ஊற்று வேண்டும். இங்கே ஊற்று என்பது இணையம். நகரத்துக் கையேடுகள் இதனை ஒருவரியில் முடித்துவிடுகின்றன. மலைச்சரிவில் வாழ்வோர்க்கு அவ்வாறன்று. போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக் கைப்பேசி அலை வருவதும் மறைவதுமாக இருப்பதை ஏலத்தோட்டத்திற்கு ஜீப்பில் செல்லும் தொழிலாளர் நன்கறிவர். மலையை முதுகில் கொண்ட வகுப்பறையிலும் ஒரு சன்னலருகே கிடைக்கும் அலை மறு சன்னலருகே கிடைப்பதில்லை.

கைப்பேசியிலிருந்து படத்தை ஸ்டிக்குக்கு அனுப்ப வேண்டுமாயின், இரண்டும் ஒரே கம்பியில்லா வலையில் இருத்தல் பொதுவாக வேண்டப்படும். கல்லூரி வலையில் இரு தடைகள் எழும். முதலாவது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுப் பக்கம். சிலவகைக் கருவிகளில் அப்பக்கத்தைக் காட்டவே வழியில்லை. இரண்டாவது, பாதுகாப்புக் கருதி ஒரு கருவி மற்றொன்றைக் காணாதவாறு வலையமைப்பாளர் இட்டுள்ள தடுப்பு. இத்தடுப்பு உள்ள வலையில் கைப்பேசி ஸ்டிக்கைத் தேடிக்கொண்டே இருக்கும்; ஒருநாளும் காணாது. வலையமைப்பாளரோடு வாதிடுவதைக் காட்டிலும், ஒரு கைப்பேசியை வலைமுனையாக்கி, ஸ்டிக்கையும் மற்றொரு கைப்பேசியையும் அதில் இணைத்துக்கொள்வது எளிது. சுவர் தடித்த பழைய கட்டடங்களில் 5 கிகாஹெர்ட்சு அலையைவிட 2.4 கிகாஹெர்ட்சு அலையே சுவரை ஊடுருவிச் செல்லும்.

இவ்வாறு செய்யும்போது செலவாகும் தரவு ஒருவருடைய சட்டைப்பையிலிருந்து போகின்றது. 720 தரத்தில் ஒரு மணி நேரக் காணொளி ஏறத்தாழ ஒரு கிகாபைட்டை விழுங்கும். 'உன் கைப்பேசியைக் கொஞ்சம் கொடப்பா' என்று முன்வரிசை மாணவனைக் கேட்குமுன், அவனுடைய அன்றைய தரவு அத்தோடு தீர்ந்துவிடும் என்பதை ஆசிரியர் நினைத்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு அத்தரவே மாலையில் பாடம் படிக்கும் நூலகம்.

திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படவீழ்த்தியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர்ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர் 1914 இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கையும் அமைத்தார். சென்ற ஊரில் எது கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க இயலாது. படச்சுருள் கையில் இருந்தது. மலையடிவார ஆசிரியரும் அவரைப் பின்பற்றுதல் தகும். காட்ட வேண்டிய காணொளி உரிமையுடையதாக இருப்பின், முன்னாளிலேயே கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ இறக்கி வைத்துக்கொள்க. கைப்பேசித் திரையை அவ்வாறே ஸ்டிக்கில் பிரதிபலிக்கச் செய்யும் 'மிராகாஸ்ட்' முறை 2012 முதல் உள்ளது. ஃபயர் டிவி ஸ்டிக்கின் பல மாதிரிகளும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுள் பலவும் இதனை ஏற்கும். இதற்கு இணையம் வேண்டுவதில்லை; இரு கருவிகளும் நேரே பேசிக்கொள்ளும்.

புள்ளி

படம் வந்துவிட்டது, ஒலியும் வந்துவிட்டது. இனித் தமிழ்த்துறைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். பொதுவான கையேடுகளில் இதனை நாம் காண முடியாது.

மெய்யெழுத்து புள்ளியொடு நிற்கும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். ஓலையில் எழுதியோர், ஓலை கிழியும் என்று அஞ்சிப் பல இடங்களில் புள்ளியிடாமல் விட்டனர். பிற்காலத்துப் பதிப்பாசிரியர்கள் அதனால் பட்ட பாடு கொஞ்சமன்று. 'பல்' என்பதா 'பல' என்பதா, 'கல்' என்பதா 'கல' என்பதா என்று இடம் நோக்கியே துணிய வேண்டியிருந்தது. பழைய படவீழ்த்தி நம்மை மீண்டும் அவ்வோலைக் காலத்திற்கே அழைத்துச் சென்றுவிடும். எவ்வாறெனில், 1920 படப்புள்ளி அகலத்தில் அமைத்த பட விளக்கம் 1024 அகலத்திற்குச் சுருங்கும்போது, நான்கு படப்புள்ளி அகலமுள்ள மெய்ப்புள்ளி இரண்டாகச் சுருங்குகின்றது. ஒளி மங்கிய விளக்கில், திரையிடப்படாத சன்னலருகே, பின்வரிசை மாணவனுக்கு அஃது இருந்தும் இல்லாததே. ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மறைந்தாலும் சொல்லை ஊகித்துவிடலாம். புணர்ச்சி விதியைக் கற்பிக்கும் வகுப்பில் புள்ளி மறைந்தால் பாடமே மறைந்துவிடும்.

அரபுத்தமிழ் ஏடுகளைத் திரையில் காட்டுவோர்க்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். பே, தே, ஸே ஆகிய மூன்று எழுத்துகளும் உருவில் ஒன்றே. கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டா, மூன்றா என்பதே அவற்றை வேறுபடுத்துகின்றது.

எனவே திரையின் வடிவத்தைப் பற்றிச் சிறிது கணக்கிடுதல் வேண்டும். பழைய படவீழ்த்தியின் திரை நான்குக்கு மூன்று என்னும் வடிவினது. ஸ்டிக் அனுப்புவதோ பதினாறுக்கு ஒன்பது. ஆகவே மேலும் கீழும் கரும்பட்டை விழுந்து, 1024 × 576 பரப்பே படத்திற்குக் கிடைக்கும். திரையின் முக்காற்பங்கு அது. இதனைக் கண்டு, 'பழைய திரைக்கு ஏற்பப் பட விளக்கத்தையும் நான்குக்கு மூன்றாக அமைப்போம்' என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஸ்டிக் அதன் இருபுறமும் கரும்பட்டை இட்டு அனுப்பும். படவீழ்த்தி மேலும் கீழும் கரும்பட்டை இடும். நாற்புறமும் சுருங்கி, 768 × 576 பரப்பே எஞ்சும். பாதிக்குச் சற்று மிகுதி. ஆதலின் ஸ்டிக் வழியே காட்டுவதாயின் பதினாறுக்கு ஒன்பது வடிவிலும், மடிக்கணினியிலிருந்து நேரே வி.ஜி.ஏ. வடத்தில் காட்டுவதாயின் நான்குக்கு மூன்று வடிவிலும் அமைத்தல் முறை.

எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் சொல்வர். தடித்ததாகவும் இருக்க வேண்டும் என்று நாம் கூட்டிச் சொல்கிறோம். ஒரு பக்கத்தில் ஆறேழு வரிகளுக்கு மேல் வேண்டா. வெண்மைப் பின்னணியில் கறுப்பெழுத்தே நன்று. கரும்பின்னணியில் வெள்ளெழுத்து அழகுதான். ஆனால் நுண்ணாடிகள் பதித்த சில்லினால் இயங்கும் படவீழ்த்திகளில், வயதான நுண்ணாடிகள் அசையாமல் நின்று திரையில் விண்மீன்போல் வெண்புள்ளிகளைத் தெளிக்கும். அவற்றுள் ஒன்று 'பல' என்பதன் மேல் போய் அமர்ந்தால், மாணவர் 'பல்' என்று படிப்பர்!

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுத்த டாம், டாப் குறியீடுகளிலும், வேறு பல தனிக் குறியீடுகளிலும் தட்டச்சிட்ட பழைய கோப்புகள் நம் துறைகளில் இன்னும் உள்ளன. தமிழக அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய கோப்பைக் கைப்பேசியில் திறந்தால், அவ்வெழுத்துரு அங்கே இல்லாமையால் தமிழ் அனைத்தும் உரோமானியக் கிறுக்கல்களாகத் தோன்றும். முன்னரே துறைக் கணினியில் திறந்து பி.டி.எப். ஆக மாற்றிக்கொண்டால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும்.

நிறமும் நோயும்

போடியில் படவீழ்த்தி கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. ஏல விவசாயிகள் கூடும் அரங்கங்களிலும் அது பயன்படுகின்றது. ஏலக்காய் விற்பனைக்கு 2007 ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏல முறையைக் கொண்டு வந்தது. போடி அதன் மையங்களுள் ஒன்று. விலை திரையில் ஏறும்; ஆனால் வணிகர் கண் தட்டில் இருக்கும் காயின் பசுமையிலும் பருமனிலும் இருக்கும். ஏலத்திற்கு வந்த ஏலத்தை எண் மட்டும் கொண்டு எவரும் வாங்குவதில்லை.

விவசாயிக்கு நோயைக் காட்டும் படத்தில் இவ்வேறுபாடு உயிரானது. ஏலச் செடியைத் தாக்கும் கட்டே நோயை எண்ணிப் பாருங்கள். அசுவினிப் பூச்சியால் பரவும் நச்சுயிரி நோய் இது. இளம் இலைகளில் வெளிர்பச்சைக் கீற்றுகள் தோன்றி, இலை நரம்புக்கு இணையாகக் கோடுகளாக நீளும். இதற்கு மருந்து இல்லை. நோயுற்ற தூரை வேரோடு அகற்றி அழிக்க வேண்டும். பச்சைக்கும் வெளிர்பச்சைக்கும் உள்ள அந்தச் சிறு வேறுபாட்டைத் திரையில் கண்டு, தன் தோட்டத்தில் அதனை இனங்கண்டு, செடியைப் பிடுங்க வேண்டியவர் விவசாயி. இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் 1978 முதல் இயங்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் படங்கள் எவ்வளவு தெளிவாக இருப்பினும், படவீழ்த்தி மஞ்சள் பூத்திருந்தால் நலமுள்ள இலையும் நோயுற்றதுபோல் தோன்றும். நோயுற்றதும் நலமுள்ளதுபோல் தோன்றும். நீர்மப்படிகத் தகடு கொண்ட படவீழ்த்திகளில் பல்லாண்டு வெப்பத்தால் உள்ளிருக்கும் ஒளிவடிகட்டிகள் கெட்டு மஞ்சள் அல்லது நீலத் திட்டுகள் விழும். மாற்றியும் வடமும் இதனைச் சீர்செய்யா. தேர்வு எளிது: வெள்ளைப் பக்கம் ஒன்றைக் காட்டி, திரை நெடுகிலும் ஒரே வெண்மையாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சீராக இல்லையெனில் அக்கருவி எழுத்துக்கு ஆகும், இலைக்கு ஆகாது.

எது முதலில் மூப்படையும்?

பழையது படவீழ்த்தி, புதியது ஸ்டிக். ஆகவே முதலில் விடைபெறுவது படவீழ்த்தியே என்று நாம் கருதுகிறோம். நிகழ்ந்தது வேறு. கூகுள் நிறுவனம் 2013 இல் அறிமுகப்படுத்திய குரோம்காஸ்ட் வரிசையை 2024 இல் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 2025 மார்ச்சில், இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்டுகள் உலகெங்கும் ஒரே நாளில் செயலிழந்தன. உள்ளிருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்துவிட்டதே காரணம். கருவியில் ஒரு பழுதும் இல்லை. சில நாள்களில் நிறுவனம் அதனைச் சரிசெய்தது எனினும், ஸ்டிக்கின் ஆயுள் அதனை வைத்திருப்பவர் கையில் இல்லை என்பது அன்று புலப்பட்டது. 1987 இல் பிறந்த வி.ஜி.ஏ. வாய் எவருடைய சான்றிதழுக்கும் காத்திருப்பதில்லை.

எனவே ஸ்டிக்கை மட்டும் நம்பி ஒரு கருத்தரங்கை அமைப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஆசிரியர் வகுப்பினிடையே நடந்தபடி கைப்பேசியால் படத்தை மாற்றவும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து ஒரு பழம்பதிப்பை அவ்விடத்திலேயே தேடிக் காட்டவும், ஸ்வயம் விரிவுரை ஒன்றைக் கூட்டாகக் கேட்கவும் ஸ்டிக் நன்கு உதவும். வெறும் பட விளக்கத்திற்கு அது வேண்டுவதேயில்லை. தமிழக அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி எவர் வீட்டிலேனும் உறங்கிக் கிடந்து, அதில் நீல நிறப் பதினைந்து துளை வாயும் இருக்குமாயின், ஒரே வடத்தில் காரியம் முடிந்தது. மாற்றியும் வேண்டா, இணையமும் வேண்டா.

விளக்கின் விலை கருவியின் மதிப்பை எட்டிவிட்டாலோ, நிறத் திட்டுகள் பரவிவிட்டாலோ புதியது கேட்பது நியாயமே. அப்போதும் பழையதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடலாகாது. அதன் விளக்கில் பாதரசம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், அத்தகைய கழிவுகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்கச் சொல்கின்றன.

அதுவரை, துறைக்கு ஒரு சிறு பெட்டி போதும்: மாற்றி, ஸ்டிக்குக்குரிய சுவர்ச் செருகி, ஒலிவடம் ஒன்று, வி.ஜி.ஏ. வடம் ஒன்று, அன்றைய பட விளக்கம் பி.டி.எப். ஆகப் பதிந்த நினைவகக் குச்சி ஒன்று. மாற்றியின் எந்த முனை எப்பக்கம் என்று தமிழில் எழுதி ஒட்டி, அதனைப் படவீழ்த்தியின் வடத்தோடு நூலால் கட்டிவிடுவது நல்லது. அடுத்த துறைக்குக் கடனாகப் போகும்போது படவீழ்த்தியோடு சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பும்.